இறங்கியவனுக்கும் ஒரு திடல்

2019ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் ஒரு கால்பந்து ஆட்டம் பாதியிலேயே நின்றுபோயிற்று. உள்ளூர் அணி நான்கு கோல்கள் அடித்திருந்தது. சூரிச் நகரிலிருந்து வந்திருந்த கிராஸ்ஹாப்பர் அணி ஒன்றும் அடிக்கவில்லை. அத்தோல்வியோடு அவ்வணி நாட்டின் முதற்பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்குவது உறுதி என்றாகிவிட்டது. அப்போது அவ்வணியின் ஆதரவாளர்களே இருக்கைகளை விட்டுத் திடலின் ஓரத்துக்குத் திரண்டு வந்தனர். ஆட்டக்காரர்கள் அணிந்திருக்கும் சட்டைகளைக் கழற்றித் தங்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்றனர். கழகத்தின் நிறத்தை உடுத்த இவர்களுக்கு இனித் தகுதியில்லை என்பது அவர்கள் வழக்கு. ஆட்டக்காரர்களும் கழற்றிக் கொடுத்தனர்.

கிராஸ்ஹாப்பர் சாதாரணக் கழகமன்று. 1886இல் தோன்றியது, நாட்டின் முதற்பட்டத்தை 27 முறை வென்றது. அந்நாட்டில் வேறு எக்கழகமும் அத்தனை முறை வென்றதில்லை. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் முதற்பிரிவை விட்டு இறங்காதிருந்த கழகம் அது. அப்படிப்பட்ட ஒன்று பத்து அணிகளுள் பத்தாவதாக வந்து நின்றபோது, அதனைக் காலமெல்லாம் நேசித்தவர்களே அதன் உடையை உரிந்துகொண்டனர்.

காரைக்குடிப் பக்கத்தில் வாழும் நமக்கு இச்செய்தியால் ஆவதென்ன என்று வாசகர் கேட்கலாம். ஏப்ரல், மே மாதங்கள் நம் வீடுகளில் தேர்வு முடிவுகள் வரும் மாதங்கள். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தோற்ற பிள்ளைகளின் வீடுகளுக்கு அந்நாட்களில் சென்று வருவது பங்குத்தந்தையர்க்குப் பழகிய கடமை. சட்டையைக் கழற்றச் சொல்லும் வழக்கம் லூசர்ன் நகரத்தோடு முடிந்துவிடவில்லை என்பதை அங்கே காண்கிறோம். சாப்பிட வா என்று அழைக்காத தாய், உறவினர் திருமணத்துக்கு உடன் அழைத்துச் செல்ல மறுக்கும் தந்தை, பெயரை விட்டுவிட்டு மதிப்பெண்ணைக் கேட்கும் அண்டை வீட்டார் என்று அது பல உருவம் கொள்கிறது. ஆகவே கடைசியாக வந்தவனைக் கீழே இறக்குவது நீதிதானா, இறக்கிய பின் அவனுக்கு நாம் கடன்பட்டிருப்பது யாது என்னும் வினா நம் வீட்டு வினாவும் ஆகிறது. விளையாட்டில் அவ்வினாவுக்கு விடை சற்றுத் தெளிவாகத் தெரிகிறது; அங்கே எல்லாம் எண்ணிக்கையாக எழுதி வைக்கப்பட்டிருப்பதுதான் காரணம்.

முதலில் இறக்குவதன் நியாயத்தை ஒப்புக்கொள்வோம். அந்தப் பருவத்தில் சுவிஸ் முதற்பிரிவில் பத்து அணிகள். ஒவ்வொன்றுக்கும் 36 ஆட்டங்கள். கடைசி அணி இறங்கும். இரண்டாம் பிரிவின் முதல் அணி ஏறும். ஒன்பதாவதாக வந்த அணி, கீழே இரண்டாவதாக வந்த அணியோடு இருமுறை மோதித் தன் இடத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். கிராஸ்ஹாப்பர் இறங்கியதால் காலியான இடத்துக்கு ஜெனீவா நகரத்தின் செர்வெட் கழகம் ஏறி வந்தது. அக்கழகம் 2005இல் கடனில் மூழ்கி நொடித்து, மூன்றாம் நிலைவரை தள்ளப்பட்டு, பல ஆண்டுகள் உழைத்து எழுந்தது. பழம்பெருமைக்கு இரங்கி கிராஸ்ஹாப்பரை மேலேயே வைத்திருந்தால், அந்த இரக்கத்துக்கு விலை கொடுத்திருப்பது செர்வெட். ஒருவனைக் காப்பாற்றும்போது வாயிலுக்கு வெளியே நிற்பவனையும் எண்ணிப்பார்க்க வேண்டும் என்பதே இறக்கும் விதியின் நியாயம். குருமடத்தில் புனித தாமஸ் அக்குவினாரிடம் நாம் கற்ற பகிர்வு நீதி என்பதும் ஏறத்தாழ இதுதான். பொதுவானதைப் பங்கிடும்போது ஆள் பார்க்காமல், அவரவர் தகுதியை மட்டும் பார்த்து அளிக்க வேண்டும்.

இறங்கிய அணிக்கு அந்நாட்டில் என்ன நேர்கிறது என்பது இதைவிட முக்கியம். கிராஸ்ஹாப்பர் இரண்டாம் பிரிவில் வாராவாரம் ஆடியது. சிறிய ஊர்களின் சிறிய திடல்களில் ஆடியது. இரண்டு பருவங்கள் கழித்து, 2021இல் மேலே ஏறியது. பாசல் நகரக் கழகம் 1988இல் இறங்கி ஆறு ஆண்டுகள் கீழே கிடந்தது, 1994இல் ஏறியது, 2002இல் பட்டம் வென்றது, பின்னர் 2010 முதல் 2017 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அதுவே வென்றது.

நொசாட்டெல் நகரத்தின் சாமாக்ஸ் கழகத்தின் கதை இன்னும் வியப்பானது. அயல்நாட்டு முதலாளி ஒருவர் அதனை வாங்கிச் சில மாதங்களிலேயே நிலைகுலைய வைத்தார். 2012 ஜனவரியில் உரிமம் பறிக்கப்பட்டு, பருவத்தின் நடுவிலேயே அது வெளியேற்றப்பட்டது. சம்பளமில்லாதோர் ஆடும் கீழ்ப்பிரிவு ஒன்றிலிருந்து மீண்டும் தொடங்கிற்று. ஒவ்வொரு படியாக ஏறி 2018இல் முதற்பிரிவை அடைந்தது. அடுத்த ஆண்டே, நாம் பேசும் அதே 2018-19 பருவத்தில், ஒன்பதாவதாக வந்து வாழ்வா சாவா என்னும் இரட்டை ஆட்டத்தில் அகப்பட்டுக்கொண்டது. சொந்தத் திடலில் ஆராவ் அணியிடம் நான்கு கோல்களில் தோற்றது. மறு ஆட்டத்தை எதிரியின் திடலில் அதே நான்கு கோல்களில் வென்று, பெனால்டி உதைகளில் பிழைத்தது. நம்பிக்கையைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம், நிகழ்த்தியும் இருக்கிறோம். ஆராவ் நகரத்து அந்த மாலைப்பொழுது அவற்றுள் பலவற்றைவிட நன்றாகப் பேசுகிறது. அடுத்த பருவத்தில் சாமாக்ஸ் மீண்டும் இறங்கிவிட்டது என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.

ஏறத்தாழ 90 லட்சம் மக்களே கொண்ட ஒரு நாட்டில் இது நடக்கிறது. அங்கே வீழ்ச்சிக்கு ஒரு தரை இருக்கிறது. விழுபவன் அந்தத் தரையில் நின்று மீண்டும் ஆடலாம்.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். மேலே சொன்ன பாசல் கழகம் 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியக் கழகம் ஒன்றில் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. அதுதான் சென்னை சிட்டி கால்பந்துக் கழகம். பெயரில் சென்னை இருந்தாலும் அது ஆடியது கோவை நேரு விளையாட்டரங்கில். ஐ-லீக் என்னும் தேசியப் போட்டியில் 2018-19 பருவத்தில் பதினொரு அணிகள் மோதின. ஒவ்வோர் அணிக்கும் 20 ஆட்டங்கள். கடைசி நாளான மார்ச் 9ஆம் தேதி காலையில் சென்னை சிட்டிக்கு 40 புள்ளிகள்; கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு 39. இவ்வணி கோவையில் பஞ்சாபின் மினர்வா அணியோடும், அவ்வணி கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடும் ஒரே நேரத்தில் ஆடின. கோவையில் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா ஒரு கோல் அடித்துவிட்டது. இடைவேளை வரை அந்நிலைதான். பின்னர் ஸ்பெயினிலிருந்து வந்து ஆடிய பெத்ரோ மான்சி பெனால்டியில் ஈடு செய்தார். அடுத்த இரண்டு கோல்களையும் அடித்தவர் கௌரவ் போரா. அவர் கோல் அடிப்பதைத் தொழிலாகக் கொண்ட முன்கள வீரரல்லர், பின்களத்தில் தடுத்தாடுபவர். மூன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்தது. ஈஸ்ட் பெங்காலும் வென்றது. 43க்கு 42 என்று ஒரே ஒரு புள்ளியில் பட்டம் தமிழகத்துக்கு வந்தது. ஐ-லீக் பட்டத்தைத் தமிழகக் கழகம் ஒன்று பெற்றது அதுவே முதல்முறை. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்றுவித்த அவ்வணியில் அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், எட்வின் சிட்னி வான்ஸ்பால், மைக்கேல் ரெஜின் முதலிய தமிழக இளைஞர் பலர் இருந்தனர். பெயர்களைக் கேட்டதும் நம் வாசகர் முகம் மலரும்!

வென்றவர்க்குக் கிடைத்தது என்ன? ஏறுவதற்கு மேலே படி இல்லை. 2014இல் தொடங்கிய ஐ.எஸ்.எல். என்னும் மற்றொரு போட்டி பணம் கட்டி இடம் பெற்ற அணிகளால் ஆனது. அதிலிருந்து அன்று யாரும் இறங்கியதில்லை. கீழிருந்து யாரும் ஏறவும் அன்று வழியில்லை. 2019ஆம் ஆண்டிலேயே அதுதான் நாட்டின் முதன்மைப் போட்டி என்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு முடிவு செய்தது. சென்னை சிட்டி வென்ற மகுடம், வென்ற சில மாதங்களில் இரண்டாம் தர மகுடமாயிற்று. ஐ-லீக் வெற்றியாளர் மேலே போகலாம் என்ற வாயில் திறந்தது 2022-23 பருவத்தில்தான். முதலில் நுழைந்தது பஞ்சாப் கழகம்.

அதற்குள் சென்னை சிட்டியின் கதை முடிந்துபோயிற்று. 2021இல், கழகங்களுக்கு விதிக்கப்பட்ட உரிமத் தகுதிகளை நிறைவேற்றவில்லை என்று அது ஐ-லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. மும்பையின் கெங்கரே கழகம் அந்த இடத்தைப் பெற்றது. பட்டம் வென்று மூன்றாண்டு நிறையுமுன் வெற்றியாளர் வெளியே! உரிமத் தகுதி என்பதும் நியாயமானதே. ஆட்டக்காரருக்குச் சம்பளமும் இளையோருக்குப் பயிற்சியும் உறுதி செய்யாத கழகத்தை ஏன் வைத்திருக்க வேண்டும்? சாமாக்ஸையும் அவ்வாறுதான் நீக்கினார்கள். வேறுபாடு அதற்குப் பின்னால் இருக்கிறது. சாமாக்ஸ் கீழே விழுந்த இடத்தில் ஒரு திடலும், எதிரணியும், வாராவாரம் ஆட்டமும், அதைக் காண வந்து நிற்கும் ஊராரும் இருந்தனர். ஏட்டில் பார்த்தால் மாநில லீக், மாவட்ட லீக் என்று நமக்கும் படிகள் இல்லாமலில்லை. ஆயினும் அந்தக் கோவை அணி தேசிய லீக்குக்குத் திரும்பவில்லை. நல்ல வேளையாக ஆட்டக்காரர்கள் சிலருக்கு வேறு இடம் கிடைத்தது. வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்கும், ஜேசுராஜ் கோவா கழகத்துக்கும் சென்றனர். இடம் கிடைக்காதவர்களின் பெயர்கள் செய்தித்தாளில் வருவதில்லை.

விதி எல்லோருக்கும் ஒன்றாக இல்லாதபோது இறக்குவது எப்படி அநீதியாகிறது என்பதற்கு மிசோரமின் அய்சால் கழகத்தைப் பார்க்கலாம். 2015-16 ஐ-லீக்கில் ஒன்பது அணிகள். அய்சால் எட்டாவதாக வந்தது. ஒன்பதாவதாக, அதாவது கடைசியாக வந்தது புனே நகரின் டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ். ஆனால் இறக்கப்பட்டது அய்சால்! சிவாஜியன்ஸ் நிறுவன அணி என்ற முறையில் நேரடியாக இடம் பெற்றிருந்தது. அதனை இறக்கக்கூடாது என்று முன்னரே விதி எழுதப்பட்டிருந்தது. கடைசியில் வந்தவன் காசு கட்டியவன் ஆகையால், அவனுக்கு முந்தியவன் அவனுக்காகத் தண்டிக்கப்பட்டான். கிராஸ்ஹாப்பர் இறங்கியதில் வருத்தம் உண்டு, குறையில்லை. அய்சால் இறங்கியதில் குறை உண்டு. இரண்டுக்கும் பெயர் ஒன்றாயினும் இரண்டும் ஒன்றல்ல.

அடுத்து நடந்தது யாரும் திட்டமிடாதது. ஐ-லீக்கைப் பின்னுக்குத் தள்ளப் போகிறார்கள் என்று மனம் கசந்து, கோவாவின் டெம்போ, சல்காவ்கர், ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று கழகங்களும் 2016இல் விலகிக்கொண்டன. இடம் காலியாயிற்று. அய்சால் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. வேறொரு கழகம் வேண்டாமென்று விட்ட பயிற்சியாளரான காலித் ஜமீலை அது அழைத்துக்கொண்டது. 2017 ஏப்ரல் 30ஆம் நாள் ஷில்லாங் நகரில் லஜோங் அணியோடு ஒன்றுக்கு ஒன்று என்று சமன் செய்து, 37 புள்ளிகளோடு, மோகன் பகானை ஒரே புள்ளியில் பின்தள்ளி, நாட்டின் பட்டத்தை வென்றது. முந்தைய ஆண்டு இறக்கப்பட்ட அணி இந்த ஆண்டு முதல் அணி! காப்பளிக்கப்பட்ட சிவாஜியன்ஸ் அதே பருவத்தோடு லீக்கை விட்டே போய்விட்டது. சென்னை சிட்டியும் அந்தப் பருவத்தில் நேரடி அனுமதி பெற்று வந்த அணிதான், கீழிருந்து ஆடி ஏறி வந்ததன்று. தமிழகத்துக் கழகம் என்பதற்காக அதனை மறைத்துப் பேசுவது முறையன்று.

அய்சாலுக்குக் கிடைத்ததை அருள் என்பதா, தற்செயல் என்பதா? இறையியல் படித்தவர்க்கு அருள் என்று சொல்லிவிட நாக்கு துடிக்கும். சற்றுப் பொறுப்போம். கூட்டமைப்பு இரங்கியதால் அது நிகழவில்லை. மூன்று கழகங்களின் கசப்பினால் நிகழ்ந்தது. ஆயினும் தகுதியை மீறி இன்னோர் ஆண்டு கிடைத்தபோது அக்கழகம் என்ன செய்தது என்பது அதன் கையில் இருந்தது. லூக்கா நற்செய்தியில் மூன்றாண்டு கனி தராத அத்திமரத்தை வெட்டச் சொல்கிறார் உரிமையாளர். அது நிலத்தை வீணே அடைத்துக்கொண்டிருக்கிறது என்பது அவர் குறை. செர்வெட் கழகத்தின் வழக்கும் அதுவே, அதில் பிழையில்லை. தோட்டக்காரர் ஓராண்டு தவணை கேட்கிறார். அந்த உவமையில் நாம் பெரும்பாலும் தவணையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறோம். சுற்றிலும் கொத்தி எரு இடுவதாகவும் அவர் ஏற்றுக்கொள்கிறார் அன்றோ? கொத்தாமலும் எருவிடாமலும் கொடுக்கும் தவணை சோம்பலேயன்றி இரக்கம் ஆகாது. மரம் பிறகு காய்த்ததா என்பதைக் கதை சொல்லவில்லை. அதுவும் நன்றே. காய்க்கும் என்ற உறுதியின் பேரில் கொத்துவது கணக்கு வாணிகம் ஆகிவிடும்.

கைமாறு எதிர்பார்த்துக் காட்டும் இரக்கம் எப்படிக் கெட்டுப்போகும் என்பதற்கு இங்கிலாந்து ஒரு சான்று. 1986 வரை அந்நாட்டு லீக்கின் அடிமட்டத்தில் வந்த நான்கு கழகங்கள் தானாக வெளியேறுவதில்லை. மற்றக் கழகங்களிடம் வாக்குக் கேட்டு நிற்கும். கேட்பதற்குக் கருணை போலத் தோன்றுகிறது. இன்று நீ எனக்கு வாக்களி, நாளை நான் உனக்கு வாக்களிப்பேன் என்று அது முடிந்தது. பெரும்பாலும் பழைய உறுப்பினர்களே தேர்வு பெற்றனர். வெளியிலிருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் வாயிலில் நின்றனர். 1986-87 பருவத்தில் தானாக இறக்கும் விதி வந்தபோது முதலில் விழுந்தது லிங்கன் சிட்டி. அடுத்த ஆண்டே அது ஏறிவிட்டது.

இதுவரை புள்ளி என்ற சொல்லைப் பலமுறை எழுதினோம். நம் செட்டிநாட்டில் அச்சொல்லுக்கு வேறொரு கணக்கும் உண்டு. நகரத்தார் சமூகத்தில் திருமணமான ஒவ்வோர் இணையும் ஒரு புள்ளி. இளையாத்தங்குடி, பிள்ளையார்பட்டி முதலான ஒன்பது நகரக் கோயில்களிலும் ஊர்ப் பொதுக்காரியங்களிலும் இத்தனை புள்ளி என்றே கணக்கெடுப்பர். புள்ளி வரி என்று தலைக்கு இவ்வளவு என வாங்குவர். பேரேடும் ஐந்தொகையும் எழுதுவதில் உலகம் வியக்கும் துல்லியம் கொண்ட ஒரு வணிகச் சமூகம், ஆளை எண்ணும்போது மட்டும் இலாப நட்டத்தை ஒதுக்கி வைத்து எண்ணியது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது, அதன் பின்னர் அங்கே நிலங்கள் அரசுடைமையானபோது, கொடுத்த கடனும் ஈடாக வந்த வயலும் போய்க் கையை உதறிக்கொண்டு ஊர் திரும்பியவர் பலர். அரண்மனை போன்ற வீடுகளின் தேக்குத்தூண்களைக் கழற்றி விற்றவர்களும் உண்டு. அவர்களுடைய பேரேட்டில் எல்லாம் அழிந்தது. புள்ளிக் கணக்கில் அவர்கள் ஒன்றாகவே நின்றனர். கோயிலுக்கு வரும் உரிமை தொகையைப் பார்க்கவில்லை. இதையும் மிகைப்படுத்த வேண்டியதில்லை. துணையை இழந்தவரை அரைப்புள்ளியாக எண்ணும் வழக்கமும் அதே கணக்கில் இருந்தது. கைம்பெண்ணின் மனம் அதில் என்ன பாடுபட்டிருக்கும் என்று நாம் கேட்காமலிருக்க முடியாது. ஆயினும் இரண்டு ஏடுகளை இரண்டாகவே வைத்திருக்க முடியும் என்பதற்கு அது நம் கண்முன் உள்ள சான்று. ஒன்று ஈட்டியதை எழுதும் ஏடு. மற்றொன்று ஆளை எழுதும் ஏடு. லூசர்ன் நகரில் சட்டையைக் கேட்டவர்கள் முதல் ஏட்டில் விழுந்த கோட்டை இரண்டாம் ஏட்டிலும் இழுத்துவிட்டனர்.

நம் பள்ளிகளில் நடப்பது யாது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்புவரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019இல் அது திருத்தப்பட்டு, ஐந்திலும் எட்டிலும் நிறுத்தலாம் என மாநிலங்களுக்கு விடப்பட்டது. தமிழ்நாட்டில் அவ்வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் 2020 பிப்ரவரியில் கைவிட்டனர். 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் நிறுத்திவைக்கும் விதியைக் கொண்டுவந்தது; தமிழ்நாடு பழைய நிலையிலேயே நின்றது. படிக்கத் தெரியாமலே பிள்ளைகள் மேலே போகிறார்கள் என்று ஆசிரியர் பலர் நொந்துகொள்வதில் உண்மை உண்டு. கொத்தாமல் கொடுத்த தவணை என்று மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஆனால் கழகத்தையும் பிள்ளையையும் ஒப்பிடும்போது ஒன்றை மறக்கலாகாது. இறங்கிய கழகம் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஆடுகிறது. நிறுத்தப்பட்ட பிள்ளை பெரும்பாலும் ஆட்டத்தையே விட்டுவிடுகிறது. ஜூன் மாதம் தம்பி வயதுப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டு, ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கோ திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கோ மளிகைக் கடைக்கோ போய்விடுகிறது. கழகம் ஓர் அமைப்பு. அது நூறாண்டு காத்திருக்கும். பதினான்கு வயதுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஆகையால் நிறுத்திவைப்பது தகுமா தகாதா என்பதைவிட, நிறுத்தியபின் அப்பிள்ளை ஆடத் திடல் உண்டா என்பதே நாம் கேட்க வேண்டியது. இல்லை என்றால், இறக்குவதற்கு நமக்கு உரிமை இல்லை என்பதே நம் முடிவு.

சட்டத்தின் கண்ணுக்கு எட்டாத ஒன்றும் இருக்கிறது. அது ஒன்பதாம் வகுப்பு. பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு தேர்ச்சி என்று வாயிலில் பெரிய பதாகை கட்டும் பள்ளிகள் சில, அந்த நூறு எப்படி வந்தது என்பதைப் பதாகையில் எழுதுவதில்லை. ஒன்பதாம் வகுப்பின் முடிவில், தேறாது எனத் தோன்றும் பிள்ளையின் பெற்றோரை அழைத்து, டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்று நயமாகச் சொல்லி அனுப்பும் வழக்கம் ஊரறிந்தது. திருச்சபை நடத்தும் பள்ளிகளும் இதற்கு முற்றிலும் விலக்கு என்று சொல்லிவிட முடியுமானால் மகிழ்வோம். பத்து ஆண்டுகள் அந்தச் சீருடையை அணிந்த பிள்ளையிடம் சட்டையைக் கழற்றச் சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு எங்கே? விழுக்காடு என்பது நாம் பெறும் புள்ளி. அதற்காக நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட புள்ளியை விலக்குகிறோம்.

ஷில்லாங் லஜோங் கழகம் 2018-19 பருவத்தில் அயல்நாட்டார் எவருமின்றி, பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்களையே கொண்டு ஆடி, கடைசியாக வந்து இறங்கியது. சென்னை சிட்டி மகுடம் சூடிய அதே பருவத்தில்தான். இரண்டாம் பிரிவில் ஆடி, 2023-24 பருவத்தில் திரும்பி வந்தது.

நம் மாநிலத் தேர்வுத் துறையும் நல்லதொரு திடலைத் திறந்து வைத்திருக்கிறது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் தோற்றவர்களுக்குச் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு உண்டு. தோற்ற பாடத்தை மட்டும் எழுதி, அந்த ஆண்டே மேலே படிக்கலாம். சாமாக்ஸ் அணிக்குக் கிடைத்த மறு ஆட்டம் போன்றது அது. ஆனால் விண்ணப்பிக்கும் நாட்கள் மிகச் சில. முடிவு வந்த வீட்டில் முதல் வாரம் அழுகையிலும் ஏச்சிலும் போய்விடுகிறது. நினைவு வரும்போது தேதி கடந்திருக்கிறது. பங்கு ஆலயங்களின் அறிவிப்புப் பலகையில் திருமண ஓலைகளும் திருவிழா வரிக்கணக்கும் தவறாமல் இடம் பெறுகின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளையும், மாலையில் கணக்குச் சொல்லித்தர ஒப்புக்கொண்ட ஆசிரியரின் பெயரையும் எழுத இடம் இருக்கிறது.